ஆறுதலாப் போவம்

1

என்னுடைய சூட்கேஸ் இன்னும் ஹோலில், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில், வெளிக்கிட்ட கோலத்திலேயே நிற்கிறது. உள்ளே இரண்டு நீச்சலுடையும் வெயிலுக்குப் பூசும் கிறீமும் நான் வாசிப்பதாக இருந்த மூன்று புத்தகங்களும் கிடக்கின்றன. தம்பி பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அதில் இடறி, "அக்கா, மூவ் இற், ப்ளீஸ்" என்கிறான். நான் அசைப்பதாயில்லை. அது என் எதிர்ப்பு.

யாருக்கு எதிர்ப்பு என்பதுதான் இன்னும் தெளிவாகவில்லை. ராகுவுக்கா, சரசு மாமிக்கா, அல்லது ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டு பேசும் எங்கள் தமிழுக்கா? ஊரிலிருந்து வாசிக்கிற நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்குப் பொறுமை முடிந்துவிட்டது.

விஷயம் மிகச் சின்னது. பிலிப்பைன்சில் சியர்காவோ என்றொரு தீவு. அதில் ஜெனரல் லூனா என்றொரு சிற்றூர். பலகையில் எழுந்து நின்று அலையின் முதுகில் வழுக்கி வருகிறார்களே, அந்த விளையாட்டுக்காரர்கள் உலகம் முழுவதிலுமிருந்து போய்க் குவிகிற இடம். அங்கே அம்மாவும் நானும் பத்து நாட்கள் போய், ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு வருவது. திட்டம் இவ்வளவுதான். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

2

முதலில் அம்மாவின் ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் பதினொரு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே, லண்டனில், வந்து இறங்கினேன். அப்பா எங்களுக்கு முன்பே வந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பி இங்கே பிறந்தவன். வந்து கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வார்டுகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிற வேலை. அன்று அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் யெஸ், நோ, தாங்க் யூ. மிச்சத்தை அந்த வார்டில்தான் படித்தார். படிப்பித்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர். அந்த வார்டில் பாதிப்பேர் பிலிப்பைன்சிலிருந்து வந்தவர்கள்.

அதனால் என் அம்மா பேசுவது லண்டன் ஆங்கிலமுமில்லை, யாழ்ப்பாணத்து ஆங்கிலமுமில்லை. சுத்தமான மணிலா ஆங்கிலம். லைற்றைப் போடச் சொல்ல, "ஓப்பின் த லைற்" என்பார். கொஞ்சம் பொறுங்கள் என்பதற்கு, "ஃபார் எ வைல்" என்பார். வங்கியிலிருந்து யாராவது தொலைபேசியில் அழைத்தால், "ஃபார் எ வைல், ஃபார் எ வைல்" என்று சொல்லிவிட்டு என்னைத் தேடி மாடிக்கு ஓடி வருவார். எதிர்முனையில் இருப்பவர், எது கொஞ்சக் காலத்துக்கு என்று தெரியாமல் காத்திருப்பார். குரோய்டனில் ஒரு பெரிய கடையில் "வெயார் இஸ் த கம்ஃபோற் றூம்?" என்று கேட்டார். அவர்கள் ஊரில் அது கழிப்பறை. கடைக்காரப் பையன் மிகுந்த மரியாதையோடு எங்களை மெத்தைப் பகுதிக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டான். அம்மா மெத்தைகளைப் பார்த்த பார்வை எனக்குச் சாகும்வரை மறக்காது.

சலிப்பு வந்தால் பிலிப்பைன்ஸ்காரர், "ஐ நாக்கு" என்று பெருமூச்சு விடுவார்கள். அம்மா அதையும் எடுத்துக்கொண்டார், முன்னால் நம்முடைய ஐயோவையும் சேர்த்து. "ஐயோ நாக்கு!"

"நாக்குக்கு என்ன? கடிச்சுப் போட்டியோ?" என்பார் அப்பா, ஒவ்வொரு முறையும்.

நான் திருத்திப் பார்த்தேன். "அம்மா, ஓப்பின் இல்லை, சுவிச் ஓன்." எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்! "ஓம், ஓம்" என்பார். அடுத்த நிமிடம் லைற்றைத் திறக்கச் சொல்லுவார்.

இந்த ஆங்கிலத்தை அம்மாவுக்குக் கொடுத்த ஆளின் பெயர்தான் லூஸ். நான் சிரிக்கவில்லை, அது ஸ்பானியச் சொல், ஒளி என்று பொருள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர். ஆனால் எங்கள் வீட்டில் போன் அடித்து, தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, லூஸ் கோலிங்!" என்று கத்துகிறபோது சோபாவில் இருக்கிற விருந்தாளியின் முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும். அப்பாவின் அக்கா சரசு மாமி ஒருநாள் பக்கோடாவை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஆரை உவன் லூசு எண்டுறான்?"

"அது அம்மாவின்ர சிநேகிதி மாமி."

"அதுக்கு? சிநேகிதியை இப்பிடியே சொல்லுறது?"

அம்மாவுக்கும் அந்த இக்கட்டு இருந்தது. ஒரு நல்ல மனுசியை எப்படி லூஸ் என்று கூப்பிடுவது? அதனால் முதல் நாளிலிருந்தே "அக்கா" என்றுதான் அழைத்தார். லூஸ் தன் பங்குக்கு அம்மாவை "ஆத்தே" என்று அழைத்தார். அம்மா வீட்டுக்கு வந்து கொதித்தது எனக்கு நினைவிருக்கிறது. "என்னை ஆத்தை எண்டு கூப்பிடுது பிள்ளை! நான் என்ன அவவைப் பெத்தனானோ?" அவர்கள் மொழியில் ஆத்தே என்றால் அக்கா என்று பிறகுதான் தெரிய வந்தது. ஆக, இரண்டு பேரும் ஒருவரையொருவர் அக்கா என்று அழைத்துக்கொண்டே அந்த வார்டில் வருடக்கணக்காக வண்டி தள்ளினார்கள். உண்மையில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீராத வழக்கு. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள், மற்றவர்தான் மூத்தவர்.

3

போன வருடம் லூஸ் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அவருடைய ஊர்தான் இந்த ஜெனரல் லூனா. வார்டில் பிரியாவிடை வைத்தார்கள். அம்மா ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனார். கடைசியில் கட்டிப்பிடித்து, நம்முடைய "போட்டு வாங்கோ"வை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார்: "கோ அண்ட் கம், அக்கா."

லூஸ் சிரித்துவிட்டு, "நோ மோர் கம், ஆத்தே. யூ கம்" என்றாராம்.

இதை அம்மா எனக்குச் சொன்னது மூன்று முறை. மூன்று முறையும் தேநீர் கலக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல். நான் மக்கு இல்லை. எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ அழைப்பு வரும். லூஸ் கடலைக் காட்டுவார். தென்னைகளைக் காட்டுவார். பக்கத்து வளவுகளில் எழும்பிக்கொண்டிருக்கும் விடுதிகளைக் காட்டி, "ஐ நாக்கு" என்பார். கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி: "ஆத்தே, வென்?" அம்மாவின் பதிலும் ஒன்றுதான்: "ஸ்லோலி, ஸ்லோலி."

தை மாதத்து ஞாயிறொன்றில்தான் லூஸ் அதைச் சொன்னார். முழங்கால் சரியில்லை. இந்த ஆனி மாதத்தோடு செபு நகரத்தில் இருக்கிற மகளோடு போய் இருக்கப்போகிறார். வீட்டை விடுதிக்காரன் ஒருவன் கேட்கிறான், கொடுக்கத்தான் போகிறார். அம்மாவுக்கென்று ஒரு கட்டில் போட்டு வைத்திருந்த அறையைத் திரையில் காட்டினார். சன்னலுக்கு வெளியே அலை உடைந்துகொண்டிருந்தது.

அழைப்பு முடிந்ததும் நான் மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். என் குணம் அப்படி. ஒரு எண்ணம் வந்தால் பத்து நிமிடத்தில் ஐம்பது பக்கம் திறந்திருக்கும். எந்த மாதம் கடல் அமைதி, எந்த அலை பழகுகிறவர்களுக்கு, பலகை எங்கே வாடகைக்கு எடுக்கலாம் எல்லாம் பார்த்தாயிற்று. அம்மா லூசோடு கதைத்துக்கொண்டு இருக்கட்டும், நான் அலையில் ஏறப் பழகுவேன். பாயில் படுத்திருந்து ஒரே துள்ளலில் எழுந்து நிற்கும் பயிற்சியை வீட்டுக்குள்ளேயே தொடங்கினேன்.

அப்பா வேலையால் வந்து கதவைத் திறந்தவர், கார்ப்பெற்றில் நான் துள்ளியதைப் பார்த்துவிட்டு, "என்ன, பூச்சி கடிச்சதோ?" என்றார்.

"இல்லை அப்பா, அலைச்சறுக்கு. நாங்கள் சியர்காவோ போறம். நீங்களும் வாங்கோ. சும்மா இருந்திட்டு வரலாம்."

"நாள் முழுக்க ஸ்ரியரிங்குக்கு முன்னால இருந்துதானே உழைக்கிறன். பிறகு பிளேனிலையும் இருந்து, அங்கை போயும் இருக்கவோ? அலை பாக்க இவ்வளவு தூரம் அலையவேணுமோ? நீங்கள் போங்கோ."

சரி, அப்பா இல்லை. தம்பிக்கு வைகாசியில் சோதனை. ஆகவே அம்மாவும் நானும்.

"அம்மா, ஆறுதலாப் போட்டு வருவம்" என்றேன். ரிலாக்ஸ் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல தமிழ் அதுதான். அவசரமில்லாமல், உடம்பும் மனமும் ஆறும்படி.

அம்மாவின் முகம் உடனே தெளிந்தது. "ஓம் பிள்ளை. ஆறுதலாப் போவம்."

நான் மகிழ்ச்சியோடு லீவு கேட்டேன். இரண்டு கிழமை கழித்துத் திகதி கேட்டபோதுதான் விளங்கியது. அம்மாவின் ஆறுதல் வேறு. அந்த ஆறுதலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். கூரை ஒழுகுவதையும், பல் வைத்தியரையும், மேல்தட்டுப் பெட்டிகளை ஒதுக்குவதையும் எங்கள் வீட்டில் ஆறுதலாகத்தான் செய்துகொண்டிருக்கிறோம், பல வருடங்களாக.

4

காரணங்கள் வரத் தொடங்கின. சித்திரை வருடப் பிறப்புக்கு வீட்டில் நிற்கவேண்டும். நின்றோம். கறிவேப்பிலைச் சாடிக்கு யார் தண்ணீர் விடுவது? தம்பி. தம்பிக்கு யார் சமைப்பது? அப்பா. அப்பாவுக்கு? இந்தக் கேள்விக்குப் பதிலாக அம்மா பிறீசரை நிரப்பத் தொடங்கினார். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

ரிக்கெற் எடுக்கும்போது இணையப் பக்கம் அம்மாவின் பெயரை விழுங்க மறுத்தது. சிவபாக்கியலட்சுமி என்கிற பெயருக்கு அந்தப் பெட்டிக்குள் இடம் இல்லை. சிவபாக்கியலா என்பதோடு நின்றுவிட்டது. பாஸ்போட்டில் இருப்பதுபோலவே இருக்கவேண்டும், இல்லையென்றால் ஏறவிடமாட்டோம் என்று அதே பக்கம் சிவப்பெழுத்தில் மிரட்டியது. நான் தொலைபேசியில் இசை கேட்டுக்கொண்டு அரைநாள் காத்திருந்தேன். கடைசியில் ஒருவர் வந்து, "அது பரவாயில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா, "என்ன சிவபாக்கியலா, சோறு ஆச்சோ?" என்று கேட்கிறார்.

"தட்ஸ் பீக், அம்மா" என்றான் தம்பி. பாவம் என்பதற்கு இந்தத் தெற்கு லண்டன் பிள்ளைகளின் சொல். அம்மா அகப்பையைத் தூக்கினார். "வீட்டுக்குள்ள என்னடா ஊத்தைக் கதை!" அவன் தன்மேல் என்ன குற்றம் என்று கடைசிவரை தெரியாமலே மாடிக்குப் போனான். ஒரே வீட்டில் மூன்று மொழி. மூன்றுக்கும் நடுவில் மொழிபெயர்த்தே எனக்கு நரைக்கப்போகிறது.

அதற்குப் பிறகு சரசு மாமி வந்தார். மனோர் பார்க்கில் முருகன் கோயிலடியில் இருப்பவர். நாள், கோள், திசை எல்லாவற்றுக்கும் எங்கள் குடும்பத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம்.

"என்ன கிழமை பயணம்?"

"சனிக்கிழமை மாமி. மத்தியானப் பிளேன்."

"பிலிப்பைன்ஸ் எந்தப் பக்கம்?"

"கிழக்கு."

மாமி கண்ணை மூடிக்கொண்டார். "சனிக்கிழமை கிழக்கை சூலமெல்லோ."

அந்தந்தக் கிழமைக்கு ஒரு திசை ஆகாது என்பது கணக்கு. நான் இதை எதிர்பார்த்திருந்தேன். வரைபடத்தைக் காட்டினேன். "மாமி, எங்கட ஸ்ட்ரெதத்தில இருந்து ஹீத்ரோ மேற்கை இருக்கு. நாங்கள் வீட்டை விட்டு மேற்கைதான் வெளிக்கிடுறம். பிறகு திரும்பிறது பிளேன். பாவம் வந்தால் பைலட்டுக்கு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்கு வரவில்லை. "நீ படிச்சனி எண்டாப்போலை சூலத்துக்குப் பாதை காட்டாதை" என்றார். என்றாலும் மாமி கெட்டவரில்லை. வழி இருக்கிறது என்றார். பிரஸ்தானம் வைப்பது. பயண நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பயணிகளின் சாமான் கொஞ்சத்தைப் பொதியாகக் கட்டி, போகிற திசைப் பக்கம் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடவேண்டும். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு எந்த நாளிலும் போகலாம், போகிற வழியில் பொதியை எடுத்துக்கொண்டால் சரி. ஆனால் அந்தப் பொதி திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது.

மனோர் பார்க் எங்களுக்குக் கிழக்குப் பக்கம். வியாழக்கிழமை நல்ல நேரம். மாமியே சனிக்கிழமை பொதியை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். எனக்கு எப்படியாவது அம்மா புறப்பட்டால் போதும் என்றிருந்தது. "சரி, சரி, என்னவும் செய்யுங்கோ" என்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பொதியைக் கட்டியது அம்மா.

5

சனிக்கிழமை காலை ஹீத்ரோவில் வரிசையில் நின்றுகொண்டு, பிளாஸ்ரிக் உறையைத் திறந்தேன். ரிக்கெற் இருந்தது. அந்த நாட்டுக்கு முன்கூட்டியே இணையத்தில் பதிந்த தாள் இருந்தது. என் பாஸ்போட் இல்லை.

கைப்பையைக் கவிழ்த்தேன். சூட்கேசைத் தரையில் விரித்துக் கிளறினேன். பின்னால் நின்றவர்கள் என் நீச்சலுடையைக் கண்ணியமாகப் பார்க்காமல் நின்றார்கள்.

"என்ன தேடுறாய்?" என்றார் அம்மா.

"என்ர பாஸ்போட் அம்மா! இதுக்குள்ளதான் வைச்சனான்!"

"அது பொதிக்குள்ளயெல்லோ இருக்கு."

நான் விரித்த சூட்கேசுக்குப் பக்கத்தில் தரையிலேயே இருந்துவிட்டேன்.

"பயணத்துக்கு முக்கியமான சாமானாப் பாத்து வைக்கச் சொல்லி சரசு மச்சாள்தான் சொன்னவ" என்றார் அம்மா. "நீ குமர்ப்பிள்ளை. உனக்குத்தானே வடிவாச் செய்யவேணும். என்ர பங்குக்கு ஒரு சுவெற்றரை வைச்சனான்."

மாமியை அழைத்தேன். "மாமி, எங்கை நிக்கிறியள்? எந்த ஸ்ரேசன்?"

"வீட்டிலதான் பிள்ளை."

"வீட்டிலயோ?"

"ராகுகாலமெல்லோ இப்ப. பத்தரைக்குக் கழியும், உடனை வெளிக்கிடுவன்."

நான் கெஞ்சினேன். கத்தினேன். அந்த ராகுகாலம் யாழ்ப்பாணத்துக் கலண்டரில் போட்டது, லண்டனில் சூரியன் வேறு நேரத்தில் உதிக்கிறது என்று வானியல் விளக்கினேன். "ராகுவுக்கு இஞ்சை வர விசாவோ வேணும்?" என்றார் மாமி. ராக்சி ஒன்று அனுப்புகிறேன், பாஸ்போட்டை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"ஆர் வந்தாலும் பத்தரைக்குப் பிறகுதான் கதவு திறப்பன். இவ்வளவு பாத்து வைச்ச பொதியை ராகுகாலத்தில வாசல் தாண்டவிட்டால், பிறகு பிரஸ்தானம் வைச்சு என்ன பிரயோசனம்? நீ யோசிச்சுப் பார்."

நான் யோசித்துப் பார்த்தேன். அவருடைய தர்க்கத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. பத்தரைக்கு வெளிக்கிட்டால் இங்கே வந்து சேர நண்பகலாகும். அதற்கு முதலே கவுன்ரரை மூடிவிடுவார்கள்.

எங்கள் முறை வந்தது. அம்மாவின் பாஸ்போட் அவர் கைப்பைக்குள் இருந்தது. நான் அதை வாங்கிக் கொடுத்து, அம்மாவின் சூட்கேசைத் தூக்கித் தராசில் வைத்தேன்.

"நீங்கள் போங்கோ அம்மா."

"தனியவோ? விசரோ உனக்கு? ரெண்டு பேரும் வீட்டை போவம். ஆறுதலா வேறை நாள் பாப்பம்."

அந்தச் சொல்! "இனி ஆறுதல் இல்லை அம்மா! ஆனியில அந்த வீடு இருக்காது! அந்தக் கட்டில் இருக்காது!" வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அம்மாவின் கண் கலங்கியது. அவருக்கும் தெரியும். தை மாதத்திலிருந்து என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில் கவுன்ரர்ப் பெண் புன்னகையோடு அம்மாவிடம், எவ்வளவு காலம் தங்கப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் பொறம்மா என்பதுபோலக் கையைக் காட்டிச் சொன்னார்: "ஃபார் எ வைல்! ஃபார் எ வைல்!"

"லவ்லி" என்றாள் அவள். சூட்கேசின் பிடியில் பட்டியைச் சுற்றினாள். பட்டனை அமர்த்தினாள். சூட்கேஸ் நகர்ந்து, இறப்பர்த் திரைக்குள் புகுந்து, மறைந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் அது போன வழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போட்டுது" என்றார் அம்மா.

"ஓம்."

"அதுக்குள்ள அவவுக்குக் கட்டின மிளகாய்த்தூள் இருக்கு."

"ஓம் அம்மா."

"அப்ப நான் போகத்தானே வேணும்" என்றார், ஏதோ அந்தத் தூள்தான் தன்னை இழுத்துக்கொண்டு போவதுபோல.

பாதுகாப்புச் சோதனை வாசல்வரை கூடப்போனேன். மணிலாவில் விமானம் மாறுவதை மூன்று முறை சொன்னேன். நேரம் போய்க்கொண்டிருந்தது, அவர் என் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு நின்றார். "போங்கோ அம்மா, போங்கோ, கெதியாப் போங்கோ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினேன். நாலடி போனவர் திரும்பி வந்துவிட்டார். வரிசையில் நின்ற அவ்வளவு பேரையும் விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இப்ப?"

"போங்கோ எண்டு அனுப்பிறதோ ஆளை? ஒழுங்காச் சொல்லு."

"போட்டு வாங்கோ அம்மா" என்றேன்.

"போட்டு வாறன்" என்றுவிட்டு, இந்த முறை திரும்பிப் பார்க்காமல் போனார்.

மாமி வந்து சேர்ந்தபோது கவுன்ரரில் ஒருவருமில்லை. மஞ்சள் துணியில் முடிந்த பொதியும் கையுமாக, முகம் மலர வந்தார். "பாத்தியோ, ஒரு தடங்கலும் இல்லாமல் வந்திட்டன்."

நான் நடந்ததைச் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். மாமி பொதியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கொம்மா ஏறிட்டா எல்லோ?"

"ஓம்."

"தனிய?"

"ஓம் மாமி."

"அப்ப பிரஸ்தானம் பலிச்சிட்டுது" என்றார் மாமி.

6

அடுத்த விமானத்தில் வியாழக்கிழமைதான் இடம் இருந்தது. போய்ச் சேர ஒரு நாள், திரும்ப ஒரு நாள் கழித்தால் லீவில் மிஞ்சுவது கொஞ்சம்தான். என்றாலும் போவதென்றே இருந்தேன். அம்மா அங்கே மலங்க மலங்க விழித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். மடிக்கணினியில் ரிக்கெற் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலையில், வேலைக்குப் போகும் ஆளைப்போல அல்லாமல் பைஜாமாவோடு குசினியில் இருந்து போனில் அழைத்தேன். இங்கே மழை. வானம் கழுவாத சட்டி மாதிரி இருந்தது. அங்கே பின்னேரம் மூன்று மணி.

அம்மா திரையில் வந்தார். தலையில் அகலமான ஓலைத் தொப்பி. காலில் மணல். அம்மாவின் காலை நான் வெயிலில் பார்த்து எவ்வளவு காலம்! பக்கத்தில் லூஸ், இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஒரு பழம்.

"மணிலாவில மாறினது கஷ்டமா இருந்ததோ அம்மா?"

"என்ன கஷ்டம்? எல்லாரும் எங்கட வார்ட் மாதிரித்தானே கதைக்கினம். நான் கம்ஃபோற் றூம் கேட்டன், கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டவை. பிலிப்பினாவோ எண்டும் கேட்டவை." இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தது.

"அங்கை என்னம்மா செய்யிறியள் நாள் முழுக்க?"

அம்மா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஒண்டுமில்லை பிள்ளை. இருக்கிறம். உவங்கள் பலகையோட விழுந்து விழுந்து எழும்பிறாங்கள். பாத்துக்கொண்டு இருக்கிறம்."

நான் போட்ட திட்டம் எழுத்துப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது, நான் இல்லாமல்.

"நான் வியாழக்கிழமை வெளிக்கிட்டு வரட்டோ அம்மா?"

அம்மா லூசைப் பார்த்தார். லூஸ் பழத்தை நறுக்கி அம்மாவின் கையில் வைத்தார். பின்னால் அலையொன்று எழுந்து, யாரோ விழுந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு என் கேள்வி நினைவு வந்தது.

"நீ ஆறுதலா வா பிள்ளை."

எந்த ஆறுதல் என்று நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல் எனக்குச் சரியாக விளங்கியது. ரிக்கெற் பக்கத்தோடு மடிக்கணினியை மெல்ல மூடிவிட்டேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். அது ஹோலில் நிற்கிறது, சில்லுக்காலோடு. ஞாயிற்றுக்கிழமை மாமி வந்தபோது அதில் இடறினார். எனக்கு அதில் சின்னச் சந்தோசம்.

ஆனால் அன்று அழைப்பு அத்தோடு முடியவில்லை. அம்மா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, இருட்டுக்குள்ள இருக்கிறாய்? முகமே தெரியேல்லை. ஓப்பின் த லைற்."

"யெஸ், யெஸ், ஓப்பின் த லைற்!" என்றார் லூசும் பக்கத்திலிருந்து.

திருத்தம் வாய்வரை வந்துவிட்டது. எத்தனை வருடப் பழக்கம்! அவர்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி.

எழுந்து போய் லைற்றைத் திறந்தேன்.